கிளுவை வேலியும் சாய வண்டலும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதப் பிற்பகலில் காங்கேயத்திலிருந்து சென்னிமலை செல்லும் வழியில், ஒரு கிளைத் தடத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அடித்த மழை. கொங்கு நாட்டின் இப்பகுதிக்கு மழை பெய்வதே அரிது. பெய்தால் இப்படித்தான் கொட்டித் தீர்க்கும். தடத்தின் இடப்பக்கம், அண்மையில் வேலியைப் பிடுங்கி மனை பிரிப்பதற்காக இயந்திரத்தால் சமன் செய்த நிலம். அதிலிருந்து வந்த நீர் செங்காவிக் குழம்பாகத் தடத்தை அறுத்துக்கொண்டு ஓடியது. வலப்பக்கம் கிளுவை வேலி. அதற்கு அப்பால் கொறங்காடு. வேலியின் அடியிலிருந்தும் நீர் கசிந்து வந்தது. ஆனால் மழை தொடங்கி நெடுநேரம் கழித்து, மெதுவாக, கையில் ஏந்தினால் ரேகை தெரியும் அளவுக்குத் தெளிவாக வந்தது. பத்தடி அகலத் தடம்தான் இடைவெளி. மண் ஒன்று, சரிவு ஒன்று, மழையும் ஒன்று.

இலக்கியம் படித்தவன் நான். மண்ணியல் என் துறை அல்ல. ஆனாலும் அன்று கண்ட இரு நீர்களும் என்னை விடவில்லை. நொய்யலைப் பற்றி எழுதப்பட்டவை அனைத்தும் நீரைப் பற்றியவையாகவே இருக்கின்றன. ஆற்றில் எவ்வளவு நீர் வந்தது, யார் தடுத்தார்கள், யார் கெடுத்தார்கள் என்ற கதைகள். ஆறு தூக்கிச் செல்லும் மண்ணின் வரலாறு அதற்குள் அமிழ்ந்து கிடக்கிறது. அதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் ஒரு சொல். கொங்கு வழக்கில் 'காடு' என்றால் வனம் அன்று, மானாவாரி நிலம். கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம், ஆற்றுப் பாசனமோ குளத்துப் பாசனமோ உள்ளது வயல், மழையை மட்டும் நம்பியது காடு. "காட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லும் காங்கேயத்துப் பெரியவர் புலி வாழும் இடத்துக்குப் போவதில்லை. சோளமோ கொள்ளோ விதைத்த தன் நிலத்துக்குப் போகிறார். முல்லைத் திணையைக் காடும் காடு சார்ந்த இடமும் என்று வகுப்பறையில் சொல்லிக்கொடுக்கும்போது, இந்தப் பொருள் மாற்றத்தை மாணவர்களிடம் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. ஆநிரையும் மேய்ச்சலும் முல்லைக்கு உரிய கருப்பொருள்கள் என்றால், கொங்கின் இருபத்துநான்கு நாடுகளுள் ஒன்றாகச் சொல்லப்படும் காங்கேய நாடு இன்றைக்கும் எஞ்சியிருக்கும் முல்லை நிலம்தான்.

அந்த முல்லையின் அலகு கொறங்காடு. வெளியூர் நண்பர்கள் இதை இயற்கையாக அமைந்த புல்வெளி என்று எண்ணிவிடுகிறார்கள். இது முழுக்க முழுக்க மனிதன் வகுத்த ஏற்பாடு. ஆறேழு ஏக்கர் அளவிலான துண்டு நிலம். சுற்றிலும் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். இடையிடையே வெள்வேல மரங்கள். மூன்றே மூன்று தாவரங்கள் இந்த ஏற்பாட்டின் தூண்கள். மழை பெய்ததும் நரிப்பயறு போன்ற கொடிகள் புல்லோடு பின்னிக்கொண்டு படரும். வெள்வேலம் கோடையில் நிழல் தரும். அதன் காய்கள் புல் தீர்ந்த மாதங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீனி. கிளுவைக்கு இன்னொரு பணி உண்டு. அதன் அடித்தூர் வரிசை, நீர் அடித்துவரும் மண்ணையும் சருகையும் தேக்கி வைத்துக்கொள்ளும். பழைய கொறங்காடுகளில் சரிவின் கீழ்ப்பக்க வேலியை ஒட்டி உட்பக்கம் மண் ஒரு சாண், இரண்டு சாண் உயர்ந்திருப்பதைப் பார்க்கலாம். வேளாண் பொறியாளர்கள் சமமட்ட வரப்பு என்று அழைப்பதை இந்த வேலி யாரும் சொல்லாமல் தானாகக் கட்டியிருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் உயிர் அதன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு மூன்று நான்கு கொறங்காடுகள் இருந்தால், ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றின் படலை மூடிவைப்பார்கள். புல்லை அடியோடு கடிக்க விடமாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நல்ல மழைக்கு மேலாக ஓர் உழவு ஓட்டிச் சோளம் தெளிப்பார்கள். அறுவடைக்குப் பின் புல் தன் தூரிலிருந்தும் உதிர்ந்த விதையிலிருந்தும் மீண்டும் எழும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் அப்பிச்சியிடம், "ஏனுங்க அப்பிச்சி, இத்தன காட்டையும் சும்மா போட்டு வெச்சிருக்கீங்க, வருசா வருசம் ஓட்டுனா என்னுங்?" என்று கேட்டிருக்கிறேன். "சும்மாவா கெடக்குது? மண்ணக் கட்டி வெச்சிருக்குது கண்ணு" என்றார். அன்று அது விளங்கவில்லை. அவர் மாட்டைக் கட்டி வைப்பதுபோல மண்ணைக் கட்டி வைப்பதாகச் சொல்கிறார் என்று எண்ணிச் சிரித்தேன்.

அவர் சொன்னதன் இயங்குமுறையை அறிவியல் கண்டுகொண்டது இருபதாம் நூற்றாண்டில்தான். மண்ணரிப்பை ஓடும் நீர் செய்கிறது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். முதல் அடியை அடிப்பது விழும் துளி என்பது 1940-களின் ஆய்வுகளில் தெளிவாயிற்று. பெருமழையின் துளி வெற்று மண்ணில் விழும்போது ஒரு சிறு வெடிப்புப்போல மண் கட்டியைச் சிதறடிக்கிறது. சிதறிய நுண்துகள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. மேலே ஒரு மெல்லிய ஓடு படிகிறது. அதன்பின் நீர் உள்ளே இறங்க வழியில்லை, மேலே ஓடுகிறது, ஓடும்போது தளர்ந்த மண்ணையும் கூட்டிச் செல்கிறது. புல் செய்வது எளிமையான செயல். துளியைத் தன் இலையில் வாங்கி, அதன் வேகத்தை முறித்து, தண்டு வழியே மெல்ல இறக்கிவிடுகிறது. காங்கேயத்தின் மண் ஆழமற்றது. பல இடங்களில் ஓர் அடி செம்மண்ணுக்குக் கீழே சரளையும் பாறையும். மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தின் சில நாட்களில் கொட்டுவது. இந்த மண்ணில் ஓர் அங்குலம் போனால் ஈடுகட்ட எதுவும் இல்லை. புல்லை உழுதுவிட்டு மானாவாரி நிலக்கடலை விதைத்து, செடி மூடுவதற்குள் ஒரு பெருமழை வந்தால், ஒரே பிற்பகலில் பல ஆண்டுகளின் மண் ஓடைக்குப் போய்விடும்.

அமெரிக்கா இந்தப் பாடத்தை 1930-களில் படித்தது. நடுநிலச் சமவெளியின் புல்லை உழுது கோதுமை விதைத்தார்கள். வறட்சி வந்தபோது மண் காற்றோடு எழுந்து சென்றது. 1935 ஏப்ரல் 14-ஆம் நாளைக் கறுப்பு ஞாயிறு என்று இன்றும் சொல்கிறார்கள். ஹ்யூ பென்னட் என்ற மண்ணியலாளர் மண்காப்புச் சட்டத்துக்காக வாஷிங்டனில் வாதாடிய காலத்தில், மேற்கிலிருந்து கிளம்பிய புழுதிப் படலம் தலைநகரின் வானத்தையே மறைத்தது என்பார்கள். அவர் உறுப்பினர்களைச் சன்னல் வழியே பார்க்கச் சொன்னார் என்று ஒரு கதையும் உண்டு. அதே மாதம் சட்டம் நிறைவேறியது. நமக்கு அப்படி ஒரு சன்னல் வாய்க்கவில்லை. நம் மண் காற்றில் பறந்து தில்லிக்குப் போகவில்லை. நீரில் கரைந்து, பார்வைக்குப் படாமல், ஓடையிலும் குளத்திலும் அணையிலும் படிந்தது.

எவ்வளவு படிந்தது? 1983-இல் துருவநாராயணா, ராம்பாபு என்னும் இரு அறிஞர்கள் இந்தியா முழுமைக்கும் ஒரு மதிப்பீடு செய்தார்கள். ஆண்டுக்கு 533 கோடி டன் மண் பெயர்கிறது, எக்டேருக்குச் சராசரி 16 டன்னுக்குச் சற்று மேல் என்பது அவர்கள் கணக்கு. இதில் 29 விழுக்காடு கடலுக்குப் போகிறது, 10 விழுக்காடு நீர்த்தேக்கங்களில் தங்குகிறது. மீதி அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஓரிடத்திலிருந்து பெயர்ந்து இன்னோர் இடத்தில் கிடக்கிறது. இந்தக் கடைசி எண்ணைத்தான் நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்தேன். அணையின் வண்டலை அளந்துவிட்டு மேட்டு நிலத்தின் இழப்பை அளந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். மேட்டில் போனதில் பத்தில் ஒரு பங்குதான் அணையில் அகப்படுகிறது.

இந்தக் கதையின் தொடக்கம் பிரிட்டிஷ் காலம் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என வரும் ஊர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வுகளில் மணிக்கற்கள் செய்யும் பட்டறைகளோடு இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. காங்கேயத்துக்கும் திருப்பூருக்கும் இடையே உள்ள படியூரின் பச்சைக்கல் ஒருகாலத்தில் ரோமாபுரி வரை போயிற்று. கல்லைப் பற்றியும் ரோமைப் பற்றியும் நம்மவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். உலை எரிந்ததே, அதற்குக் கரி எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் குறைவு. நூற்றாண்டுக்கணக்கில் இரும்பு உருக்கிய ஓர் ஊரைச் சுற்றி மரம் செழித்து நின்றிருக்காது என்பது என் ஊகம். அப்படியானால் வெள்வேலமும் கிளுவையும் சேர்ந்த இந்த ஏற்பாடு, ஆதி வனத்தின் மிச்சம் என்பதைவிட, ஒருமுறை மண்ணை இழந்த மக்கள் கண்டெடுத்த வழியாக இருக்கலாம்.

பிரிட்டிஷார் பார்வையில் இந்நிலம் எப்படிப் பட்டது? திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-இல், பிரான்சிஸ் புக்கானன் கொங்கு நாட்டினூடே பயணம் செய்து மண், பயிர், மாடு, குத்தகை என்று ஊருக்கு ஊர் எழுதிச் சென்றார். 1807-இல் மூன்று தொகுதிகளாக அது வெளிவந்தது. 1887-இல் வந்த நிக்கல்சனின் கோயமுத்தூர் மாவட்டக் கையேடு அதைவிட விரிவானது. இருவருமே கூர்மையான பார்வையாளர்கள். ஆனால் கம்பெனிக்கும் சர்க்காருக்கும் நிலம் என்பது தீர்வை. தீர்வைக் கணக்கில் நஞ்சை, புஞ்சை என்ற இரு பெட்டிகள்தான் பெரியவை. மாடு மேயும் கொறங்காடும் சோளம் விளையும் காடும் புஞ்சை என்ற ஒரே பெட்டிக்குள் விழுந்துவிட்டன. மண்ணைக் காக்கும் நிலத்துக்கும் மண்ணை இழக்கும் நிலத்துக்கும் ஏட்டில் வேறுபாடு இல்லாமல் போயிற்று. இன்றைய பத்திரத்திலும் இல்லை. மழையன்று நான் பார்த்த இரு நிலங்களும் ஏட்டில் ஒரே இனமாகத்தான் இருந்திருக்கும்.

அப்படியும் கொறங்காடு பிழைத்திருந்ததற்குக் காரணம் காளை. காங்கேயம் காளையைப் பழையகோட்டைப் பட்டக்காரர்கள் தேர்ந்து வளர்த்து இனமாக நிலைநிறுத்தினார்கள். கவலை இறைக்கவும் வண்டி இழுக்கவும் அதற்கு நிகர் இல்லை என்று தென்மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்து வாங்கிச் சென்றார்கள். காளைக்கு விலை இருந்தவரை புல்லுக்கு மதிப்பு இருந்தது. புல்லுக்கு மதிப்பு இருந்தவரை மண் இருந்தது. 1932-இல் பைகாரா மின்சாரம் வந்தது. கோவையில் ஆலைகளைப் பெருக்கிய அதே கம்பி மெல்ல மெல்லக் கிணற்றடிக்கும் வந்து சேர்ந்தது. மோட்டார் வந்ததும் கவலைக் காளை வேலையிழந்தது. பின்னர் டிராக்டர் வந்து உழவுக் காளையையும் விலக்கியது. கொறங்காட்டை உழுதவர்கள் பேராசைக்காரர்கள் என்று எழுதுபவர்களைப் படித்திருக்கிறேன். அது அநியாயம். மாடு போனபின் எந்தக் குடியானவன் மாட்டுக்காகப் பத்து ஏக்கரைப் பூட்டி வைப்பான்? இன்று குட்டப்பாளையத்திலுள்ள சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் போன்றவை மாட்டையும் கொறங்காட்டையும் ஒருசேரக் காக்க வேண்டும் என்று சொல்வது இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டதால்தான்.

வேலிக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். கொறங்காடு தனியுடைமை. அதனால்தான் மேய்ச்சலைக் கட்டுப்படுத்த முடிந்தது. வேலிக்கு வெளியே இருந்த புறம்போக்கில் நிலமற்றவர்களின் ஆடுகள் மேய்ந்தன. அங்கே புல்லும் தங்கவில்லை, மண்ணும் தங்கவில்லை. படலுக்குள் மாடு மேய்த்த கைகளுக்குப் பெரும்பாலும் ஒரு சென்ட் நிலமும் கிடையாது. மண்ணைக் காத்த ஏற்பாடு என்று கொறங்காட்டைப் போற்றும் நாம், அது யாருடைய மண்ணைக் காத்தது என்று கேட்பதில்லை.

காங்கேயம் வட்டாரத்து ஓடைகளில் வடக்கே சரிபவை நொய்யலுக்குச் செல்கின்றன. தெற்கே சரிபவை அமராவதிக்கு. இவற்றோடு வெளியிலிருந்து வந்த நீரும் சேர்ந்தது. 1955-இல் பவானிசாகர் அணை முடிந்து, இருநூறு கிலோமீட்டர் நீளக் கீழ்பவானிக் கால்வாய் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் நனைத்தது. அந்த அணைக்கு வரும் நீர் நீலகிரியின் முதுகிலிருந்து இறங்குவது. சல்லிவன் காலத்தில் அங்கே புகுந்த ஐரோப்பியக் காய்கறிகளில் உருளைக்கிழங்கு மலையின் நிறத்தையே மாற்றிவிட்டது. உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் நூற்றுக்கு இருபத்தைந்து சரிவுள்ள நிலத்தில் அளந்து பார்த்தது. மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டு உருளை பயிரிட்டால் எக்டேருக்கு ஆண்டில் ஏறத்தாழ 39 டன் மண் போயிற்று. சரிவுக்குக் குறுக்கே பாத்தி போட்டால் 15 டன். படிக்கட்டு வயல் அமைத்தால் ஏறக்குறைய ஒரே ஒரு டன். பாத்தியின் திசையை மாற்றினாலே பாதிக்கு மேல் மண் மிஞ்சுகிறது! சென்னிமலைப் பக்கத்து வயலில் கால்வாய் நீரோடு வந்து படியும் கரிய நுண்மண்ணைப் பார்க்கும்போதெல்லாம், ஊட்டியில் யாரோ ஒருவர் தன் தோட்டத்தில் இழந்தது இது என்று நினைத்துக்கொள்வேன்.

வண்டல் ஒரு காலத்தில் இழப்பாகக் கருதப்படவில்லை. நொய்யல் வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து, ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர் நிலத்தின் நீரைத் திரட்டிக்கொண்டு, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் கலக்கிறது. அதன் வழியெங்கும் பழைய தடுப்பணைகள், வாய்க்கால்கள், தொடர்குளங்கள். குளம் நீரைத் தேக்குவதோடு ஆற்றின் மண்ணையும் வடிகட்டிக்கொள்ளும். கோடையில் குளம் வற்றியதும் வண்டிகள் வரிசையாக இறங்கும். வண்டல் அடிப்பது என்று அதற்குப் பெயர். மேட்டில் இழந்த மண்ணில் ஒரு பகுதி, எருவும் சேர்ந்து, மேட்டுக்கே திரும்பியது. குளமும் தூர்ந்துபோகாமல் இருந்தது. தூர் வாருவது என்று தனியே ஒரு அரசுப் பணி அப்போது அவசியப்படவில்லை. 2017-இல் தமிழக அரசு விவசாயிகள் ஏரி, குளங்களிலிருந்து வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி செய்தபோது, அற்றுப்போன வழக்கத்துக்கு அரசாணை தேவைப்பட்டதே என்றுதான் தோன்றியது.

இனி ஒரத்துப்பாளையம். காங்கேயம் வட்டத்தில் நொய்யலின் குறுக்கே 1992-இல் திறக்கப்பட்ட அணை. நாற்பது அடி உயரம். 616 மில்லியன் கன அடி கொள்ளளவு. ஈரோடு, கரூர்ப் பகுதி வறண்ட நிலங்களுக்குப் பாசனம் தர வேண்டும் என்பது நோக்கம். ஆனால் அது எழுந்து நின்ற அதே ஆண்டுகளில் மேற்கே திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி பெருகிக்கொண்டிருந்தது. எழுநூறுக்கு மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள். பருத்தி நூலில் சாயம் ஏற உப்பு வேண்டும். சோடியம் குளோரைடோ சோடியம் சல்பேட்டோ மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடும். தான் துணியில் தங்காது. போட்டது அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்தது. மழையில்லாத மாதங்களில் நொய்யலில் வேறு நீரில்லை. சாயப்பட்டறை நீரும் ஊர்ச் சாக்கடையுமே ஆறு. அணை அதைத் தேக்கியது. பாசன அணை ஒன்று சாயக்கழிவுத் தொட்டியாயிற்று. தண்ணீரைத் திறந்துவிடக் கோரிப் போராடும் உழவர்களைத்தான் நாம் அறிவோம். இங்கே கீழ்ப்பகுதி உழவர்கள் திறக்காதே என்று போராடினார்கள்.

இந்தக் கதையில் உப்பு நீரைக் கெடுத்ததைப் பற்றிப் பேசியவர்கள், அது மண்ணை என்ன செய்தது என்பதைப் போதிய அளவு பேசவில்லை. களிமண்ணின் நுண்துகள்களைச் சுண்ணாம்புச் சத்து ஒன்றோடொன்று கோத்து வைத்திருக்கிறது. சோடியம் மிகுந்தால் அந்த இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. பிடிப்புத் தளர்ந்து துகள்கள் பிரிந்துவிடுகின்றன. ஈரத்தில் குழம்பாகவும் வெயிலில் ஓடாகவும் மண் மாறுகிறது. விழும் துளி எதைச் செய்யும் என்று மேலே சொன்னேனோ, அதைச் சோடியம் துளி விழுமுன்பே செய்துவைத்துவிடுகிறது. ஆற்றோரக் கிணறுகளின் உப்புநீரைப் பாய்ச்சிய தோட்டங்களில் தென்னை காய்ப்பைக் குறைத்தது கண்ணுக்குத் தெரிந்தது. நிலம் மழையை உள்ளே வாங்க மறுத்ததும், மேல்மண் எளிதில் கரைந்து ஓடியதும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. அப்படிக் கரைந்த நுண்களி சாயத்தின் கழிவுகளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு அணையின் அடியில் போய்ப் படிந்தது.

வழக்கின் போக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நொய்யல் பாசன விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேற்றக்கூடாது என்றது. அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு ஆறு காசில் தொடங்கி உயர்ந்து செல்லும் தண்டம் விதித்தது. அணையைத் தூய்மை செய்யும் செலவையும் தொழிலின் தலையில் வைத்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் நிலைமை மாறாததால் 2011 சனவரியில் பட்டறைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. திருப்பூர் நிலைகுலைந்தது, வேலையிழந்தவர்களின் துயரம் சிறிதன்று. பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உப்பையும் நீரையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு மாறித் தொழில் மீண்டது. தீர்ப்பின் கணக்கு முழுவதும் லிட்டரில் இருந்தது. நீருக்கு லிட்டர் உண்டு. சோடியம் ஏறிய மேட்டு நிலத்தின் இழப்பை எந்த அளவையால் அளப்பது?

சென்ற கோடையில் எங்கள் ஊர்க் குளத்தில் அரசு அனுமதியோடு வண்டல் எடுத்தார்கள். மாட்டுவண்டி இல்லை, டிராக்டர்கள்தாம். எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கரையில் நின்று, ஒவ்வொரு நடையிலும் ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் உருட்டி, முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஒரத்துப்பாளையத்துல இதைவிட நெறைய வண்டல் கெடக்குதுங்களே, ஐயா. அங்கிருந்தும் அடிக்கலாமுங்களா?"

அவர் உருட்டிய மண்ணைக் கீழே போட்டார்.

"அதயத் தொடறதுக்கு ஆளில்லீங் வாத்தியாரே. மோந்து பாக்கறக்கே ஒருத்தனும் போறதில்லீங்."

பிறகு அடுத்த டிராக்டர் வந்தது. அதிலிருந்தும் ஒரு பிடி எடுத்து முகர்ந்துவிட்டு, தன் காட்டுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்.